மறையூர், காந்தளூர்: மூணாறு பயணத்தில் அரை நாள் போதுமா?

கார்மேகம் எழுதியது:
வணக்கம் நண்பர்களே. பொங்கல் முடிந்த கையோடு திருச்சியிலிருந்து குடும்பமாக மூணாறு போகிறோம். சொந்தக் கார். அப்பா, அம்மா, நான், மனைவி, எட்டு வயதுப் பையன். மூணாறில் இரண்டு இரவு தங்கல். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் மறையூர் போய் சந்தனக் காடு, வெல்லம் காய்ச்சுவது, முனியறை மூன்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் மூணாறு திரும்பிவிடலாம் என்று விடுதிக்காரர் சொல்கிறார். அப்பாவுக்குப் பழைய கல், கோயில் என்றால் உயிர், ஆனால் முட்டி வலி. அரை நாள் போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேயிலைச்செடி எழுதியது:
தாராளமாகப் போதும். மூணாறிலிருந்து மறையூர் சுமார் 40 கி.மீ. இரவிகுளம் தேசியப் பூங்கா வாசல் தாண்டி, வாகுவரை தேயிலைத் தோட்டங்கள் வழியாக இறங்கினால் லக்கம் அருவி சாலையோரத்திலேயே வரும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். மறையூரில் பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பி வேலிக்குப் பின்னால் மரம், கொட்டகையில் வெல்லம், பாறைமேல் நாலு கல். மூணாறு நேரத்தை அதில் வீணாக்க வேண்டாம்.

உடுமலைச்சாமி எழுதியது:
தேயிலைச்செடி தம்பி, பாறைமேல் நாலு கல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

கார்மேகம், உங்கள் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். திருச்சியிலிருந்து திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை என்று வந்தால் மறையூர் உங்களுக்கு முன்னால் வரும், மூணாறு பின்னால் வரும். மூணாறு போய் அங்கிருந்து இறங்கி, பார்த்துவிட்டு மறுபடி ஏறுவது வீண் அலைச்சல்.

தூரம் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கைக் கீழேயிருந்து ஏறிப் பார்த்தால்தான் அது என்ன மாதிரியான இடம் என்பது பிடிபடும். உடுமலையிலிருந்து தெற்கே ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அப்புறம் சின்னாறு பாலம், அதைக் கடந்தால் கேரளத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். 1984இல் அறிவிக்கப்பட்டது, 90 சதுர கி.மீ.க்குச் சற்று மேல். கேரளம் என்றதும் பச்சைப் பசேல் என்று நினைத்து வருகிறவர்கள் அங்கே முள்மரமும் கள்ளியும் காய்ந்த புல்லும் பார்த்து முழிப்பார்கள். காரணம் ஆனைமுடி. 2,695 மீட்டர் உயரத்தில் அந்த மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. மழையெல்லாம் மூணாறு பக்கம் கொட்டித் தீர்ந்துவிடும். சின்னாறுக்கு ஆண்டுக்கு 500 மி.மீ. அளவுதான், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் அங்கே வாழ்வது இந்த வறட்சியால்தான்.

அந்த முள்காட்டிலிருந்து ஏற ஏற, சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் மறையூரில் கரும்புக் காடு திறக்கும். இன்னும் சுமார் 15 கி.மீ. ஏறினால் காந்தளூரில் ஆப்பிள் மரம். முள்மரத்திலிருந்து ஆப்பிள் வரை ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். மேலேயிருந்து மதியத்துக்கு மேல் இறங்கி வருகிறவர்களுக்கு இதில் பாதிகூடக் கண்ணில் படாது. சின்னாறு பக்கம் இறங்கவே மாட்டார்கள்.

வண்டிச்சக்கரம் எழுதியது:
சாமி அண்ணன் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அந்தக் காட்டுச் சாலையை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். யானை சாலையில் நிற்பது அங்கே அதிசயம் இல்லை. நின்றால் இன்ஜினை அலற விடாமல், ஆரன் அடிக்காமல், தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். பையனை ஜன்னல் வழியாகக் குரங்குக்குத் தீனி போட விடாதீர்கள். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

தேயிலைச்செடி எழுதியது:
சரி, வழி பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயதானவர்களை வைத்துக்கொண்டு மறையூரில் ஒரு நாள் முழுக்க என்ன செய்வார்கள்? அதைச் சொல்லுங்கள்.

பெருங்கற்காலம் எழுதியது:
என்ன செய்வார்கள் என்றா கேட்கிறீர்கள்? கார்மேகத்தின் அப்பாவுக்காகவே நான் இதை எழுதுகிறேன்.

முனியறை என்று உள்ளூரில் சொல்வது கல்திட்டை. நான்கு பக்கமும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றி வைத்த அமைப்பு. முனிவர்கள் தவம் செய்த அறை, பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய வீடு என்றெல்லாம் கதை உண்டு. தொல்லியல்படி இவை இரும்புக்காலத்தைச் சேர்ந்த பெருங்கற்காலச் சின்னங்கள், இறந்தவர்களுக்காக எழுப்பியவை. நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் இருப்பவையும் இதே குடும்பம்தான். கற்பதுக்கை மண்ணுக்குள் புதைந்திருக்கும், கல்திட்டை தரைக்கு மேல் நிற்கும். மறையூர்ப் பகுதியில் பெரும்பாலும் பாறைத்தளத்தின் மேலேயே நிறுத்தியிருக்கிறார்கள். பாறையில் குழி தோண்ட முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்தால் அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்குப் படுகிறது. எந்தத் திட்டைக்குப் பக்கத்தில் நின்றாலும் பள்ளத்தாக்கு விரிந்து தெரியும்.

மறையூர் அரசுப் பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைமேட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது. பாம்பாற்றங்கரையில் கோவில்கடவு பக்கம் இன்னொன்று. காந்தளூர் ஊராட்சியில் ஆனக்கோட்டப்பாறையில் வேறொன்று. இவை தவிர ஆட்டலை, எழுத்தலை போன்ற இடங்களில் பாறை ஓவியங்கள் உள்ளன. அவை காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, முட்டி வலிக்காரர்களுக்கு ஏற்றவையும் அல்ல.

இங்கே பழனியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பழனி அடிவாரத்துக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியில் வைத்திருந்த நெல்லைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 490 என்று வந்தது. ஆனைமலை, பழனி மலைகளின் அடிவாரம் முழுக்க இப்படி ஈமச்சின்னங்கள். மறையூரைத் தனியாக ஒரு காட்டுக்குள் நிற்கும் வினோதம் என்று பார்க்காமல், கீழே சமவெளியில் இருந்த பெரிய உலகத்தின் மலை மேல் நுனி என்று பார்த்தால் அந்தக் கற்கள் பேச ஆரம்பிக்கும்.

ஒரு வருத்தம். இருந்த திட்டைகளில் பல சரிந்துவிட்டன. மூடுகல் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், பெயர் கிறுக்குகிறார்கள். பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏறக் கூடாது என்று.

சும்மாவந்தேன் எழுதியது:
என் பெரியப்பா அதன் மேல் ஏறி நின்று எடுத்த போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இழையை அவருக்கு அனுப்பவில்லை, குடும்பத்தில் அமைதி முக்கியம்.

கார்மேகம் எழுதியது:
பெருங்கற்காலம் ஐயா, அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். பள்ளியில் வரலாறு எடுத்தவர். பொருந்தல் நெல் கதையை அவரே எனக்குத் திரும்பச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாறை ஏறாமல் எந்தத் திட்டையைப் பார்க்க முடியும்?

மலைநாட்டான் எழுதியது:
நான் கோவில்கடவுக்காரன். ஏறாமல் என்றால் எங்கள் ஊர்தான். தென்காசிநாதன் கோயில் பாம்பாற்றங்கரையில் இருக்கிறது, பாறையை ஒட்டியே. கார் பக்கத்தில் வரை வரும். அப்பாவைக் கோயிலில் உட்காரவைத்து, மெதுவாகக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போகலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், பாறை வழுக்கும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு நீங்களும் பையனும் போய் வாருங்கள்.

இந்த இழையில் எல்லோரும் மறையூர், மறையூர் என்கிறார்கள். எங்களுக்கு இது அஞ்சுநாடு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர். மதுரைப் பக்கம் சண்டை நடந்த காலத்தில் உயிர் தப்பி மலையேறி வந்தவர்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எழுதி வைத்த ஆதாரம் என்று கேட்காதீர்கள், வாய்வழியாக வந்த கதை. எங்களுக்கும் முன்னால் இந்தக் காட்டில் இருந்தவர்கள் முதுவர், மலைப்புலையர் என்ற பழங்குடிகள். இன்னொன்று தெரியுமா? மூணாறுக்குக் கண்ணன் தேவன் மலை என்று பெயர் வந்ததே அஞ்சுநாட்டுத் தலைவர் கண்ணன் தேவரால் என்பார்கள். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ அந்த மலையை எழுதி வாங்கிய பிறகுதான் தேயிலை எல்லாம். தேயிலைச்செடி அண்ணன் மூணாறை உயர்த்திப் பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

தேயிலைச்செடி எழுதியது:
ஆக, டீத்தூள் பாக்கெட்டில் இருப்பது உங்கள் ஊர்க்காரர் பெயரா? இது எனக்குப் புதுசு.

தென்னவன் எழுதியது:
இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. தமிழர் ஊர் கேரளத்தில் ஏன் இருக்கிறது? 1956இல் தேவிகுளம், பீர்மேட்டை விட்டுக்கொடுத்தோம். குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய தலைவர் நேசமணி அவ்வளவு போராடியும் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களும் செங்கோட்டையும்தான் வந்தன.

மலைநாட்டான் எழுதியது:
அண்ணே, வரலாறு சரிதான். ஆனால் இங்கே இருப்பவர்கள் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ரேஷன் அட்டை கேரளம், பெண் எடுப்பது கொடுப்பது உடுமலை, பழனி. பிள்ளைகள் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் பெரியவரைப் பாலம் உடைந்து எங்களுக்கு மேலே போக வழியில்லாமல் போனபோது, கீழே உடுமலைப் பக்கம்தான் எல்லாவற்றுக்கும் இறங்கினோம். அப்புறம் புதுப் பாலம் கட்டினார்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

மட்டுறுத்துநர்:
எல்லைப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பயணம் மட்டும்.

நெல்வயல் எழுதியது:
மட்டுறுத்துநர் மன்னிக்கவும், இது எல்லை இல்லை, தண்ணீர். நான் அமராவதிப் பாசனத்துக்காரன். கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. கோவில்கடவில் நீங்கள் கால் நனைக்கப்போகும் பாம்பாறுதான் கீழே சின்னாறோடு சேர்ந்து எங்கள் அமராவதி ஆகிறது. 1957இல் கட்டிய அமராவதி அணைக்கு வந்து, தாராபுரம் வழியாகப் போய், கரூருக்குப் பக்கத்தில் காவிரியில் கலக்கிறது. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் கேரளத்துக்குக் கொடுத்த 30 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 3 டி.எம்.சி. பாம்பாற்றுக்கு. அதை வைத்து மேலே பட்டிசேரியில் அணை கட்டும் வேலையை எடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு தடுப்பு எழும்போதும் இங்கே எங்களுக்குப் பகீர் என்கிறது. சுற்றுலா போகிறவர்கள் ஆற்றை அழகு என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

மலைநாட்டான் எழுதியது:
உங்கள் பயம் புரிகிறது ஐயா. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு எங்கள் காலடியில் ஓடினாலும் மேட்டுக் காட்டுக்குக் கோடையில் தண்ணீர் இல்லை. காந்தளூரில் காய்கறியும் பூண்டும் போட்ட நிலத்தில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் தைல மரம் வைத்தார்கள். யானை தொந்தரவு இல்லை, கூலி இல்லை, வெட்டினால் காசு என்று வைத்ததுதான். ஊற்றெல்லாம் வற்றிப்போனது. எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் அணையால் வந்ததைவிட அந்த மரத்தால் வந்தது அதிகம்.

நெல்வயல் எழுதியது:
அதை நீங்களே சொல்வது பெரிய விஷயம். தைல மரத்தை எடுத்தால் இரண்டு பேருக்கும் தண்ணீர். அதில் சண்டை இல்லை.

அடுப்பங்கரை எழுதியது:
நான் வெல்லத்துக்காக வந்தேன், இங்கே டி.எம்.சி. கணக்கு ஓடுகிறது! மலைநாட்டான் தம்பி, உண்மையான மறையூர் வெல்லத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? போன தடவை மூணாறில் ஒரு கடையில் வாங்கியது பளபளவென்று மஞ்சளாக இருந்தது, பாயசத்தில் போட்டால் உப்புக் கரித்தது.

மலைநாட்டான் எழுதியது:
மஞ்சளாக இருந்தால் அது எங்கள் வெல்லம் இல்லை அக்கா. நம்முடையது கரும்பழுப்பு. அச்சு கிடையாது, கையால் பிடித்த உருண்டை. நன்றாகப் பார்த்தால் விரல் பதிந்த தடம் தெரியும். உப்புச் சுவை குறைவு, அதுதான் இதன் பேரே. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கியதே, வெளியூர் வெல்லத்தைக் கொண்டுவந்து மறையூர்ப் பெயரில் விற்பது தாங்க முடியாமல் போனதால்தான். குறியீடு வந்த பிறகும் அது நின்றபாடில்லை.

கடையில் வாங்காதீர்கள். சாலையோரம் கரும்புச் சக்கை காயப்போட்டு, புகை வரும் கொட்டகை தெரிந்தால் இறங்கிக் கேளுங்கள். கரும்பை ஆட்டிச் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவோம். எரிப்பது அந்தக் கரும்பின் சக்கையையேதான், தனியாக விறகு வாங்குவதில்லை. அழுக்கு திரண்டு வர வரத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதம் பார்ப்பவர்தான் கொட்டகைக்கு ராஜா. அவர் கை காட்டியதும் கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றி, கிளறி, சூடு பொறுக்கும் பதத்தில் உருண்டை பிடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஆற விட்டால் பிடிக்க வராது, அவசரப்பட்டால் கை வெந்துவிடும். பையனைக் கொப்பரை பக்கம் விடாதீர்கள். காலையில் வந்தால்தான் முழுசாகப் பார்க்கலாம், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் அடுப்பு அணைந்திருக்கும். கார்மேகம் அண்ணனின் அரை நாள் திட்டத்தில் இதுதான் ஓட்டை.

அடுப்பங்கரை எழுதியது:
விரல் தடம், கரும்பழுப்பு. குறித்துக்கொண்டேன். பூண்டும் அங்கே பிரபலமாமே?

மலைநாட்டான் எழுதியது:
ஆமாம் அக்கா, காந்தளூர், வட்டவடைப் பூண்டு. சின்னப் பல், காரம் அதிகம், ரொம்ப நாள் கெடாது. 2023இல் அதற்கும் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு மத்தியச் சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் தங்கப் பிரிவில் காந்தளூரைச் சேர்த்தது. அதிலிருந்து சனி, ஞாயிறு வண்டி நிறுத்த இடம் இல்லை, அது வேறு கதை.

வண்டிச்சக்கரம் எழுதியது:
சந்தனக் காட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நண்பர்கள் ஒருமுறை கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், ஒரு வாசனையும் வரவில்லை.

உடுமலைச்சாமி எழுதியது:
வராது. சந்தனத்தின் மணம் வைரம் என்று சொல்லும் நடுக்கட்டையிலும் வேரிலும் இருக்கிறது. நிற்கும் மரத்தில் இலையோ பட்டையோ மணக்காது. முற்றி வைரம் பாய்ந்த மரத்தை அறுத்தால்தான். இன்னொரு விஷயம், சந்தனம் தனியாக வளராது, பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பதித்துச் சத்தை உறிஞ்சும். அதனால் தோட்டம் மாதிரி வரிசையாக எதிர்பார்க்காதீர்கள், கலப்புக் காடாகத்தான் தெரியும். கேரளத்தில் இயற்கையாகச் சந்தனக் காடு இருப்பது இங்கேதான், இதற்கென்றே மறையூரில் தனி வனக்கோட்டம் உண்டு. காய்ந்து விழுந்த, பட்டுப்போன மரங்களைச் சேர்த்து மறையூர்க் கிடங்கிலிருந்து இணையவழி ஏலத்தில் விடுவார்கள். திருட்டுக்கு அஞ்சி வேலியும் காவலும் பலம். சாலையில் வண்டியை நிறுத்தி வேலிக்குள் கைவிட்டுக் குச்சி ஒடிக்கிற வேலை வேண்டாம், விளையாட்டு விபரீதமாகிவிடும். சாயங்காலம் வேலிக்குள் மான்கூட்டம் மேயும், அதைப் பாருங்கள்.

கார்மேகம் எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. மூணாறில் ஓர் இரவைக் குறைத்துவிட்டேன். முதல் நாள் விடியற்காலை கிளம்பி உடுமலை வழியாகக் காந்தளூரில் தங்கல், மறுநாள் காலை வெல்லக் கொட்டகை, கோவில்கடவு, அப்புறம் மூணாறு ஏறலாம் என்று இருக்கிறேன். தூவானம் அருவிக்குப் பையன் அடம் பிடிக்கிறான். அப்பாவை வைத்துக்கொண்டு முடியுமா? குறிஞ்சி பூத்திருக்குமா?

உடுமலைச்சாமி எழுதியது:
தூவானத்துக்குச் சின்னாறு சரணாலயத்தில் ஆலாம்பட்டியிலிருந்து காட்டுக்குள் நடை. வனத்துறைக் கட்டணம் கட்டி, முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அவர்களைப் போலக் காடு தெரிந்தவர் இல்லை, கூட நடந்தால் சும்மா வராமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாயண்ணன்குடி முதுவர்கள் பழைய கேழ்வரகு, சிறுதானிய விதைகளை அழியாமல் மீட்டெடுத்தவர்கள். அப்பாவுக்கு அந்த நடை வேண்டாம். மறையூருக்குப் போகும் சாலையிலிருந்தே எதிர் மலையில் அருவி தூரத்தில் வெள்ளையாகத் தெரியும், கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்தால் தை மாதத்திலும் தண்ணீர் இருக்கும்.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030. யாராவது இப்போது பூத்திருக்கிறது என்று ஜீப்பில் ஏற்றினால் ஏறாதீர்கள், வேறு ஏதாவது ஊதாப்பூவைக் காட்டிக் காசு வாங்குவார்கள்.

தேயிலைச்செடி எழுதியது:
மூணாறுக்கு ஓர் இரவாவது விட்டுவைத்தீர்களே, அதுவரை சந்தோஷம். வரையாடு பார்க்க இரவிகுளத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். குட்டி போடும் பருவத்துக்காகப் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள், பயணத்தைத் தள்ளிப்போட்டால் கிடைக்காது.

அடுப்பங்கரை எழுதியது:
காந்தளூரில் தையில் ஆப்பிள் கிடைக்குமா?

மலைநாட்டான் எழுதியது:
இல்லை அக்கா, ஆப்பிள் ஆடி, ஆவணி வாக்கில்தான். தையில் வருகிறவர்களுக்குக் கேரட்டும் பீன்ஸும் தோட்டத்திலேயே பறித்துக் கொடுப்பார்கள். குளிரும், கம்பளி எடுத்து வரச் சொல்லுங்கள். காந்தளூர் ஏற்றத்தில் சாலை குறுகல், எதிரே ஜீப் வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழி விடுவதுதான் இங்கே வழக்கம், அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள்.